சித்திரை வீதி மாடிப் போர்ஷன்

வீட்டுக்கார மாமி ஜன்னல் கொண்டியை விடுவித்து இரண்டு கதவுகளையும் வெளியே தள்ளினாள். பங்குனி மாதத்துக் காற்று உள்ளே புகுந்து, சுவரில் தொங்கிய போன வருடக் காலண்டரைப் படபடவென்று அடித்தது. வெளியே ஓட்டுக் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் உலரும் வேட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைக் கோபுரத்தின் உச்சி.

கீழே யாரோ வாசல் தெளித்தார்கள். சூடேறிய தரையில் தண்ணீர் விழுந்த வாசனை மாடிவரை ஏறி வந்தது.

நான் மனதுக்குள் கட்டிலைப் போட்டுவிட்டேன். ஜன்னலை ஒட்டி. காலையில் கண் விழித்தால் கோபுரம். பக்கத்தில் புத்தகம் வைக்க ஒரு ஸ்டூல். மூலையில் என் தையல் மிஷின்.

"ஜெயந்தி, இங்க வந்து நின்னு பாரு. காத்து எப்படி வரது பாத்தியா?" என்றாள் மாமி.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் மாமியையும் என்னையும் தவிர என் தோழி வைதேகி மட்டுமே இருந்தாள். வைதேகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயந்தி நான்தான்.

என் பேர் ஜெசிந்தா.

ஒண்ணாம் நம்பர் பஸ்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் முழங்கால் வலி பழக்கமானதுதான். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். அங்கே சேர்ந்தபோது என் மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அத்தனை காலமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைத் தாண்டிப் போய், காவிரியைத் தாண்டித் திரும்பியிருக்கிறேன்.

பள்ளி மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே போய்விடுவேன். கூட்டத்துக்குப் பயந்து அப்படி ஆரம்பித்தது. பிறகு அதுவே ஆசையாகிவிட்டது. ராஜகோபுரத்தருகே இறங்கி, நேராகப் பள்ளிக்குப் போகாமல் வீதிகளைச் சுற்றுவேன்.

அந்தக் காலை வேளைகளை எப்படிச் சொல்வது? உத்திர வீதி முனையில் காப்பிக்கொட்டை அரைக்கும் கடை. மிஷின் ஓடத் தொடங்கியதும் வீதியே மணக்கும். அந்த மணத்துக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் தூக்கம் கலைந்துவிடும். கடை வாசலில் கொட்டையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் தீஞ்சிருக்கே" என்று தினமும் சொல்கிற ஒருவர் இருந்தார். தினமும் அதையே வாங்கிக்கொண்டும் போவார்.

பூ கட்டுகிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். முதல் நாள் ராத்திரி சீரியலில் மாமியார் செய்த அநியாயத்தை ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் அந்த மாமியாரைத் திட்ட, துளசி மாலை தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.

கோயில் யானை போன வழியில் வாழைப்பழத் தோல். அதைப் பொறுக்க வரும் ஆடு. ஆட்டை விரட்ட வரும் நாய். நாயை அதட்டும் பால்காரர். மழைக்காலத்தில் வீட்டுத் தாழ்வாரங்களிலிருந்து தண்ணீர் தகரக் குழாய் வழியாகத் தெருவில் கொட்டும். பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு குழாய்க்குக் கீழும் குடையைப் பிடித்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவார்கள். மார்கழியில் கோலத்தை மிதிக்காமல் சைக்கிள் ஓட்டுவதே தனி வித்தை.

எனக்கு அந்த வீதிகள் மேல் பைத்தியம். அதில் இன்றைக்கும் சந்தேகம் இல்லை. கசப்போடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் கசப்புக்காக அந்தக் காப்பி மணத்தைப் பொய் என்று சொல்ல முடியாது.

பொன்னி

பார்த்ததை எல்லாம் மதியம் சாப்பிடும்போது வைதேகியிடம் சொல்வேன். அவள் தமிழாசிரியை. சித்திரை வீதியிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள்.

"இத்தனை வருஷமா இங்கேயே கெடக்கேன், இதெல்லாம் என் கண்ணுல படலையேடி! எழுதேன்" என்றாள்.

எழுதினேன். வீதிவாசிகள் சங்கம் ஒன்று நாலு பக்கத் தாள் ஒன்றை நடத்திவந்தது. கோயில் உற்சவ விவரம், சாக்கடை அடைப்பு, சதாபிஷேக வாழ்த்து, வரன் தேவை, இவைதான் அதில் இருக்கும். என் முதல் கட்டுரையை வைதேகியே கொண்டுபோய்க் கொடுத்தாள். காப்பிக்கொட்டைக் கடையைப் பற்றியது.

"பொன்னின்னு பேர் போட்டுக் குடுத்துட்டேன். நன்னாருக்கோல்லியோ?" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது. காவிரியின் பேர். யாருக்குக் கசக்கும்? என் பேரையே போட்டால் என்ன என்று அன்று நான் கேட்கவில்லை, அவளும் காரணம் சொல்லவில்லை. அது ஒரு புனைபெயர், எழுதுகிறவர்கள் எல்லாரும் வைத்துக்கொள்வது என்றுதான் நினைத்தேன்.

'பொன்னி' பிரபலமாகிவிட்டாள். பூக்காரப் பெண்கள் பற்றி வந்த கட்டுரையை அந்தப் பெண்களுக்கே யாரோ படித்துக் காட்டினார்கள். இஸ்திரி வண்டிக்காரர் தன்னைப் பற்றி வந்த பக்கத்தை வண்டியில் ஒட்டியிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனேன். யாருக்கும் நான் யாரென்று தெரியாது. அதில் ஒரு சுகம் இருந்தது.

வைதேகியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் கணவர் இறந்தபோது பதினாறு நாளும் வந்தவள் அவள். கல்லறைத் தோட்டத்துக்குள் வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா மண்டபப் படித்துறையில் காவிரியில் முழுகிவிட்டு வேண்டிக்கொள்வாள். மதியத்தில் எனக்கும் சேர்த்தே சாப்பாடு கொண்டுவருவாள். புளியோதரை, தயிர்சாதம், கனுப் பண்டிகையன்று கலந்த சாதம் நாலு வகை. என் டப்பாவிலிருந்து அவள் ஒரு பருக்கை எடுத்ததில்லை. நான் அதைக் குறையாக எண்ணியதில்லை. அவளுக்கு ஒரு பழக்கம், எனக்கு ஒரு பழக்கம். அன்பு அதையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதாக நம்பினேன்.

அண்ணன் வீட்டு மாடி

கணவர் போன பிறகு எடமலைப்பட்டி புதூரில் அண்ணன் வீட்டு மாடியில் இருந்தேன். அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாடி அறை புதுமணத் தம்பதிகளுக்கு வேண்டும். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அண்ணி மட்டும் ஒருநாள் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு மேலே வந்து, என் பீரோ இருந்த சுவரை அளந்தாள்.

"சும்மாதான் அளந்து பாக்குறேன். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாள்.

நான் நினைத்துக்கொண்டேன்.

அதே சமயம் காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க மூடினார்கள். பஸ் எல்லாம் சுற்றிப் போனது. பள்ளிக்குப் போய்ச் சேருவதற்குள் முழங்கால் இரண்டும் கல்லாகிவிடும். ஓய்வுக்கு இன்னும் சில வருடம் இருந்தது. ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சின்னப் போர்ஷன் கிடைத்தால் நடந்தே போய் வரலாம். எனக்குத் தெரிந்த வீதிகள், எனக்குத் தெரிந்த காய்கறிக்காரி. வயதான காலத்தில் வேறென்ன வேண்டும்?

அண்ணனிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"அங்கல்லாம் நமக்குக் குடுக்க மாட்டாங்க ஜெசி. பாலக்கரையில பாரு. கோயில் பக்கத்துல பாரு."

கோயில் என்று அவர் சொன்னது எங்கள் மாதா கோயிலை.

"அண்ணே, இருபது வருஷத்துக்கு மேல அங்க போயிட்டு வரேன். அங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்."

"போயிட்டு வரது வேற" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதருக்கு உலகம் தெரியவில்லை என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் பாலக்கரையைப் பற்றியும் ஒன்று சொல்லாவிட்டால் நியாயமாகாது. அங்கே எங்கள் பிலோமினா அத்தைக்கு இரண்டு வீடு இருந்தது. ஒன்றை வாடகைக்கு விடுவாள். ஒருமுறை ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு வந்து கேட்டாள். கணவர் குவைத்தில் இருக்கிறார், மாமியாரும் நானும்தான் இருப்போம் என்றாள். தலையில் முக்காடு. அத்தை அவளை உட்காரவைத்து, குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்து, கன்னத்தைக் கிள்ளி, பிறகு சொன்னாள்: "என் தங்கச்சி மவ வரேன்னு சொல்லியிருக்காம்மா. இல்லாட்டி ஒனக்குக் குடுக்குறதுல எனக்கு என்ன?" அத்தைக்குத் தங்கச்சியே கிடையாது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்டுக் கேட்டுக் காது பழகியிருக்கும்.

எந்தத் தெருவும் இதில் உசத்தி இல்லை.

"இவதான் பொன்னி"

ஒருநாள் வைதேகி ஸ்டாஃப் ரூமுக்குள் ஓடிவந்தாள்.

"எழுந்துரு. சம்பத் சார் ஆத்துல மாடி காலியா இருக்கு. இன்னும் யாருக்கும் தெரியாது."

சம்பத் சார் வீதிவாசிகள் சங்கத்தின் செயலாளர். அந்த நாலு பக்கத் தாளுக்கு ஆசிரியரும் அவர்தான். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன்கள் இருவரும் அமெரிக்காவில்.

"கொஞ்சம் பாத்துப் பேசணும். நான் பேசறேன். நீ சும்மா இரு" என்றாள் வழியில். நான் வாடகை விஷயத்தைச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

கதவைத் திறந்த சம்பத் சாரிடம் அவள் சொன்னது இதுதான்: "சார், யாரைக் கூட்டிண்டு வந்திருக்கேன் தெரியுமோ? இவதான் பொன்னி!"

அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். அது நடிப்பில்லை.

"அடடா! வாங்கோ, வாங்கோ! ஏய், இங்க வா, பொன்னி வந்திருக்கா பாரு!"

மாமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஆடிக் காத்து பத்தி எழுதியிருந்தியே, அதை வெட்டி எடுத்து வெச்சிருக்கேன்டிம்மா. என் நாட்டுப்பொண்ணுக்கு போட்டோ பிடிச்சு அனுப்பிச்சேன். அவ ஒரே அழுகை. நம்மூர் ஞாபகம் வந்துடுத்தாம்."

என் கண்ணிலும் நீர் முட்டியது. எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

காப்பி வந்தது. பித்தளை டபரா டம்ளரில், நுரை ததும்ப. "உன் நிஜப் பேர் என்னடிம்மா?" என்று மாமி கேட்டபோது என் வாய் நிறையக் காப்பி இருந்தது. என்னை முந்திக்கொண்டு வைதேகி சொன்ன பதில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. ஜெசிந்தா என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன்.

பிறகு மாமி டம்ளரோடு என்னை மாடிக்கு அழைத்துப்போனாள். சம்பத் சாரும் பின்னாலேயே ஏறி வந்துகொண்டிருந்தார்.

அங்கேதான் ஜன்னல். அங்கேதான் ஜெயந்தி.

காற்று வந்த ஜன்னல்

நான் வைதேகியைப் பார்த்தேன். அவள் மெல்லத் தலையசைத்தாள். ஒன்றும் சொல்லாதே என்று அர்த்தம்.

மாமிக்கு எதுவும் தெரியாது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். "சித்திரைத் தேர் அன்னிக்கு எங்கேயும் போக வேண்டாம். இந்த ஜன்னல்ல நின்னாலே பெருமாளை நேருக்கு நேர் சேவிச்சுடலாம். இதோ பாரு, தளிகை பண்ண மேடை. சின்னதுதான், ஒருத்திக்கு எதேஷ்டம்."

சம்பத் சார் மேலே வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, "பூர்வீகம் எது?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பாலக்கரைங்க சார்."

"பாலக்கரையா? அங்க நம்மவா யாரு..."

"அவா ரொம்ப நாளைக்கு முன்னாடியே அங்க போயிட்டா சார்" என்றாள் வைதேகி அவசரமாக.

ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் அந்த அறையில் ஜெயந்தியாக வாழ்ந்து பார்த்தேன். காலையில் எழுந்து கோபுரத்தைப் பார்க்கிறாள். மாமியோடு பேசுகிறாள். பெங்களூரிலிருந்து பிரின்சி என்று ஒரு பெண் வந்தால் அவளுக்கு என்ன பேர் சொல்வது? என் கணவர் கழுத்தில் சிலுவையோடு இருக்கும் படத்தை எந்தப் பெட்டிக்குள் வைப்பது? ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போகிறேன் என்று தினுசு தினுசாக எத்தனை நாள் பொய் சொல்வது?

"சார், என் பேர் ஜெயந்தி இல்லீங்க. ஜெசிந்தா. நாங்க ஆர்.சி."

காலண்டர் மட்டும் அடித்துக்கொண்டது.

சம்பத் சார் கத்தவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. ஜன்னலருகே போய் நிதானமாக ஒரு கதவைச் சாத்தினார். பிறகு இன்னொன்றை.

"தப்பா எடுத்துக்கப்படாது" என்றார். "எனக்குத் தனிப்பட்ட முறையில ஒண்ணுமே இல்லை. கீழே கோயிலாழ்வார் இருக்கு, நித்தியம் ஆராதனை நடக்கற அகம். அண்ணா தம்பிகள் நாலு பேர் கேப்பா. பசங்க வேற வீட்டை என்ன பண்றதுன்னு யோசிச்சிண்டிருக்கா..."

"நான் அங்க கறி மீனெல்லாம் சமைக்க மாட்டேன் சார்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. கெஞ்சுவது போல வந்தது என் குரல். அந்த நாளில் நான் மன்னிக்காத ஒரே குரல் அதுதான்.

"அதெல்லாம் இல்லம்மா. அது இல்லை விஷயம்."

விஷயம் எது என்று அவர் சொல்லவில்லை.

என் கையில் பாதிக் காப்பி இருந்தது. மாமி அந்த டம்ளரைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளக் கை கொஞ்சம் நீண்டது. பிறகு நின்றது.

"அங்கேயே வெச்சுடுங்கோ. பரவாயில்லை" என்றாள்.

வந்ததிலிருந்து என்னை வாடிம்மா போடிம்மா என்று பேசியவள். இப்போது 'வெச்சுடுங்கோ'. மரியாதை ஏறியது. கதவு சாத்தியாகிவிட்டது என்று அந்த மரியாதையில்தான் எனக்கு உறைத்தது.

டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

வாசலுக்கு வெளியே

வீதி முனைவரை வைதேகி எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். பிறகு வெடித்தாள்.

"ஒரு நிமிஷம் வாயை மூடிண்டு இருந்திருந்தா வீடு கெடைச்சிருக்கும்."

"யாருக்குக் கெடச்சிருக்கும், வைதேகி?"

"உனக்குத்தான்! கொஞ்ச நாள்ல பழகிட்டா அவாளே ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா. உன்னைத் தெரிஞ்சுண்டா யாருக்குடி உன்னைப் பிடிக்காம போகும்?"

"என்னைத் தெரிஞ்சதும்தானே வேணாம்னாங்க."

அவள் அழ ஆரம்பித்தாள். நடுவீதியில், போகிறவர் வருகிறவர் பார்க்க. "உனக்காக அவா ஆத்துக்குள்ள நின்னுண்டு பொய் சொன்னேன். என் பிராணன் போற மாதிரி இருந்தது. எனக்காக நீ ஒரே ஒரு பொய் சொல்லப்படாதா?"

அவள் சொன்னதில் பொய்யே இல்லை. அது அவளுக்குப் பெரிய தியாகம்தான். என் பேரை எடுத்துப் போட்டுவிட்டு எனக்கொரு வீடு வாங்கித் தர முயன்றாள். அவளால் முடிந்த அன்பின் எல்லை அது. அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று அன்றுவரை நான் பார்த்ததில்லை.

"பொன்னின்னு பேர் வெச்சதும் அதனாலதானா?" என்று மட்டும் கேட்டேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போட மாட்டான்னு பயந்தேன்" என்றாள்.

பொன்னாடை

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். வீடு மறுப்பது ஊரில் தினமும் நடப்பது.

சில வாரம் கழித்து சம்பத் சார் பள்ளிக்கே வந்தார். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, ஓர் அழைப்பிதழ். சங்கத்தின் ஆண்டு விழாவில் பொன்னிக்குப் பாராட்டு. தலைமையாசிரியை பூரித்துப் போனார். இந்த மனிதர் எல்லாவற்றையும் மறந்துவிட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். மறக்கவில்லை. மறக்க வேண்டிய எதுவும் நடந்ததாகவே அவர் நினைக்கவில்லை.

போகாமல் இருந்திருக்கலாம். வைதேகி, "போயிட்டு வாடி, எனக்காக" என்றாள். போனேன்.

கல்யாண மண்டபத்தில் விழா. வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு. எல்லாரும் அன்பாக இருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பூ கட்டும் பெண்களில் இரண்டு பேர் பின்வரிசையில் உட்கார்ந்து என்னைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இந்த டீச்சரா! தெனமும் நம்மளப் பாத்துக்கிட்டே போவாங்களே!" வைதேகி மூன்றாவது வரிசையில் புதுப் புடவையில் இருந்தாள்.

சம்பத் சார் மைக்கில் சொன்னார்: "நம்ம வீதிகளோட அழகை நமக்கே எடுத்துக் காட்டினவா. இவா வெளியூர் இல்லை. நம்ம ஸ்ரீரங்கத்துப் பொண்ணு, நம்மாத்துப் பொண்ணு!"

கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள். சரிகை கழுத்தில் குத்தியது. பேசச் சொன்னார்கள்.

எழுதிக்கொண்டு போன தாள் கைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"வணக்கம். என் பேர் ஜெசிந்தா. எடமலைப்பட்டி புதூர்ல அண்ணன் வீட்டுல இருக்கேன். இந்த வீதிகள்ல ஒரு வீடு வாடகைக்குத் தேடினேன். கெடைக்கலை. பொன்னாடைக்கு நன்றிங்க."

மைக்கை விட்டு நகர்ந்தேன்.

என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள். நன்றாக, பலமாக. சுருக்கமாகப் பேசியதற்காக என்று நினைக்கிறேன். தொகுப்பாளர் பெண் மைக்கைப் பிடித்து, "எவ்வளவு எளிமையாப் பேசினாங்க பாருங்க! அடுத்ததா நம்ம வீதிக் குழந்தைகளோட நடனம்" என்றாள். சலங்கைச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

வைதேகி மட்டும் கைதட்டவில்லை. அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் சம்பத் சார் என்னிடம் வந்தார். முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"சபையில அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் மேடம். மனசு கஷ்டமாப் போயிடுத்து."

"பொய் ஒண்ணும் சொல்லலையே சார்."

"பொய்யில்லை. ஆனா நீங்க ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறேள். எழுத்து வேற, வீடு வேற. உங்க எழுத்துக்கு நான் அடிமை. அதுல மாத்தமே இல்லை." பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "மேடத்துக்கு இன்னொரு கரண்டி அக்காரவடிசல் போடு."

போட்டார்கள். நெய் மிதந்தது. சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

அடுத்த தாளில் விழாப் படம் வந்தது. கீழே 'எழுத்தாளர் பொன்னி' என்று போட்டிருந்தார்கள்.

காட்டூர்

கடைசியில் காட்டூரில் வீடு கிடைத்தது. தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பாதி கட்டிய வீடுகளுக்கு நடுவில். வீட்டுக்காரர் லால்குடிப் பக்கம் வயல் வைத்திருப்பவர். "தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தாங்க வரும், பரவாயில்லையா?" என்பது மட்டும்தான் அவர் கேட்ட கேள்வி. பேரைக் கேட்கக்கூட மறந்துவிட்டார். பிறகு போன் செய்து கேட்டுக்கொண்டார்.

அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ். முழங்கால் இன்னும் மோசமானது. பாலம் திறந்தபிறகு கொஞ்சம் தேவலை. ஓய்வு பெறும்வரை அப்படியே போய்வந்தேன்.

வைதேகியும் நானும் சண்டை போடவில்லை. மதியம் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். வினாத்தாள், பிள்ளைகளின் மார்க், டி.ஏ. உயர்வு எல்லாம் பேசினோம். எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவருவதை அவள் நிறுத்தவில்லை. நான்தான் ஒருநாள், "டாக்டர் அரிசி சாதத்தைக் குறைக்கச் சொல்லியிருக்காரு" என்றேன். அவள் சரி என்றாள். எந்த டாக்டர் என்று கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொள்கிறோம். விளக்குப் படம், நட்சத்திரப் படம்.

பள்ளியில் இருந்த கடைசி வருடங்களில் நான் வீதிகளைச் சுற்றவில்லை. ராஜகோபுரத்தருகே இறங்கி நேராகப் பள்ளிக்குப் போய்விடுவேன். காப்பி மணம் சில நாள் காற்றில் அங்கேவரை வரும். வந்தால் வரட்டும் என்று நடப்பேன். அந்தத் தாளுக்கு எழுதுவதையும் விட்டுவிட்டேன்.

போன மார்கழிக்குச் சற்று முன்னால் சம்பத் சாரிடமிருந்து போன் வந்தது. குரல் தளர்ந்திருந்தது. மாமி தவறிப்போனதைச் சொன்னார். எனக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் அவளைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர் போன் செய்த விஷயத்துக்கு வந்தார்.

"மார்கழி மலர் போடறோம் மேடம். உங்க எழுத்து இல்லாம தாளே நன்னாயில்லைன்னு எல்லாரும் சொல்றா. ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுங்கோ."

"நான் அந்தப் பக்கம் வரதே இல்லைங்க சார். இப்ப இருக்கறது காட்டூர். எழுதினா காட்டூரைப் பத்தித்தான் எழுதணும்."

"காட்டூரா? அங்க என்ன மேடம் இருக்கு எழுதறதுக்கு?"

"வீடு இருக்குங்க சார்" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் வாய்விட்டுச் சிரித்தார். வெகுநாளுக்குப் பிறகு சிரிப்பவர்போல, இருமல் வரும்வரை சிரித்தார்.

"இதுதான், இதுதான் வேணும் எனக்கு. நீங்க பேசினாலே எழுதின மாதிரி இருக்கு" என்றார்.